மருந்தாய்வு நெறிமுறைக் குழுக்களில் இருக்கும் மருத்துவர் அல்லாத உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். புது மருந்து ஒன்றை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமென்றால் நீங்கள் இருக்கும் நெறிமுறைக் குழு சம்மதிக்க வேண்டும். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தோடு சம்பந்தம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்த ஒருவர், சமூகத் துறையிலிருந்து ஒருவர், அப்புறம் பொதுமக்களில் ஒருவர். நீங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்கலாம், வங்கியில் வேலை பார்த்தவராக இருக்கலாம். பேராசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கும். என் தங்கையின் மருத்துவர் முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் தங்கைக்கு நுரையீரல் ரத்தக்கொதிப்பு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்தது. தாமதமாகக் கண்டுபிடித்து அடைத்தார்கள். ஓட்டை மூடியது, ஆனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அதற்குள் தடித்துச் சுருங்கிப் போயிருந்தன. சாதாரணமாக ஒருவருக்கு அந்தத் தமனியில் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும். 20-ஐத் தாண்டினால் நோய் என்கிறார்கள். அவளுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் இதில் எதையும் காட்டாது. அது நன்றாகவே இருக்கும், சில நாள் குறைவாகக்கூட இருக்கும். இதயத்தின் வலது பக்கம் மட்டும் நாள் முழுக்கச் சுமை தூக்கிக்கொண்டிருக்கும்.

மாத்திரைகள் இருக்கின்றன. சில்டெனாஃபில் போன்றவை ரத்தக் குழாயைத் தளர்த்தும். ஆனால் மாத்திரைக்கு நுரையீரல் எது, மற்ற உடம்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பு முழுக்கக் குழாய்கள் தளர்ந்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, முகம் சிவக்கிறது, தலை வலிக்கிறது. மருந்தை மூச்சோடு இழுத்தால் அது நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகும். அதனால்தான் உள்ளிழுக்கும் மருந்து என்று கேட்டாலே எங்களைப் போன்ற குடும்பங்கள் காதைத் தீட்டிக்கொள்கின்றன. ஐலோப்ராஸ்ட், ட்ரெப்ரோஸ்டினில் என்று இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் 2004-லும் 2009-லும் இந்த வழியில் அனுமதி பெற்றன. ஐலோப்ராஸ்ட்டின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஆறு முதல் ஒன்பது முறை இழுக்க வேண்டும். இன்னும் நல்ல மருந்து வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆய்வுகள் நடக்க வேண்டும், இங்கேயும் நடக்க வேண்டும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. மனித உடம்பில் முதன்முறையாக மருந்தைச் செலுத்திப் பார்க்கும் முதல் கட்டச் சோதனைகளுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு கூட்டமைப்பை உருவாக்கியிருக்கிறது. மும்பை வட்டாரத்தில் இரண்டு, சண்டிகரில் ஒன்று, நம் காட்டாங்குளத்தூரில் ஒன்று என நான்கு இடங்கள். முதலில் அறிவித்த சோதனைகளில் ரத்தப் புற்றுநோய் மருந்தும் தடுப்பூசிகளும் இருந்தன, எங்கள் நோய் இல்லை. ஒரு நாள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஆரோக்கியமான ஒருவரின் நுரையீரலில் தேறிய மருந்து, நோயாளியின் நுரையீரலிலும் தேறிவிட்டதாக அர்த்தமில்லை.

இதற்கு நல்ல சான்று நைட்ரிக் ஆக்சைடு வாயு. 1991-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் அப்போது இருந்த பாப்வொர்த் மருத்துவமனையில் அந்த வாயுவைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 40 பங்கு கலந்து, கடுமையான நுரையீரல் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த ஓட்டத்துக்கு நுரையீரல் குழாய்கள் காட்டும் எதிர்ப்பு குறைந்தது, உடம்பின் பிரஷர் அசையவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1993-இல், வேறொரு குழு அதே அளவு வாயுவை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது. சாதாரணக் காற்றை அவர்கள் சுவாசித்துக்கொண்டிருந்தவரை எதுவும் நடக்கவில்லை. தளர்ந்திருக்கும் குழாயை மேலும் தளர்த்த என்ன இருக்கிறது? பிறகு ஆக்சிஜனை 12 சதவீதமாகக் குறைத்தார்கள். அவர்களுடைய தமனி அழுத்தம் சுமார் 15-லிருந்து 20-க்கு ஏறியது. அப்போது வாயுவைக் கொடுத்ததும் இறங்கி வந்தது. நோயைப் போலச் செயற்கையாக ஒரு நிலையை உண்டாக்கிய பிறகுதான் மருந்து வேலை செய்வதே தெரிந்தது. அது நல்ல மருந்து, 1999-இல் பச்சிளம் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆரோக்கியமானவர்களுக்குச் சாதாரணக் காற்றில் கொடுத்துப் பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் பயனில்லாத வாயு என்று எழுதி மூடியிருப்பார்கள்.

ஆரோக்கியமானவர்களிடம் சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த அளவில் தொண்டை எரிகிறது என்பதெல்லாம் முதலில் அவர்களிடம்தான் தெரிய வேண்டும். அங்கிருந்து நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு ஒரே தாவலில் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இமாடினிப் மருந்தின் கதையைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை அது. குழாய்ச் சுவர் தடிப்பதை அது குறைக்கக்கூடும் என்று, இம்ப்ரெஸ் என்ற சோதனையில் சுமார் 200 நோயாளிகளுக்குப் பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. மாத்திரை எடுத்தவர்கள் ஆறு நிமிடத்தில் சராசரியாக 32 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் அந்த மருந்தோடு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்த எட்டு பேருக்கு மூளையுறைக்குக் கீழே ரத்தம் கசிந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆரோக்கியமான தன்னார்வலர் யாரும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுவதில்லை. எங்கள் நோயாளிகளில் நிறையப் பேர் போடுகிறார்கள்.

சரி, மாத்திரையால் ஆபத்து என்றால் அதையே பொடியாக்கி நுரையீரலுக்குள் அனுப்பினால் என்ன என்று ஏரோவேட் என்ற அமெரிக்க நிறுவனம் யோசித்தது. நல்ல யோசனைதான். ஆரோக்கியமானவர்களிடம் முதல் கட்டச் சோதனை நடந்தது. பொடியைத் தாங்கிக்கொண்டார்கள், ரத்தத்தில் ஏறிய மருந்தின் அளவு மாத்திரையைவிடக் குறைவாக இருந்தது. அடுத்த படியாக, 2021 கடைசியில், இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் ஒன்றாக இணைத்த பெரிய சோதனை தொடங்கியது. மூன்று விதமான அளவுகளைப் பல நாடுகளில் நோயாளிகள் நாளுக்கு இரண்டு முறை இழுத்தார்கள். 2024 ஜூனில் நிறுவனம் முடிவை அறிவித்தது. மூன்று அளவில் எதுவுமே குழாய் எதிர்ப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. சோதனையும், அதைத் தொடர்ந்து மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கான நீட்டிப்பும் நிறுத்தப்பட்டன.

நடுவில் சிறிய படி ஒன்று இருந்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இமாடினிப் ஒரே மதியத்தில் குழாயைத் தளர்த்தும் வகை மருந்து இல்லை, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த செரலுடினிப் என்ற உள்ளிழுக்கும் மருந்துக்கு, முதலில் விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம் சிறிய சோதனை நடத்தி, அப்புறம் 86 பேரிடம் 24 வாரம் நடத்தினார்கள். வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் குழாய் எதிர்ப்பு 14 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் சிலரிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த படிக்குப் போயிருக்கிறார்கள். உள்ளிழுக்கும் வழியின் முன்னோடிகளும் அப்படித்தான் செய்தார்கள். ஜெர்மனியில் கீசன் நகரத்து மருத்துவர்கள் 1990-களில் ஐலோப்ராஸ்ட்டை ஆவியாக்கி, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியே விட்டிருந்த நோயாளிகளை இழுக்கச் சொல்லி, அழுத்தம் இறங்குவதை அங்கேயே நின்று அளந்தார்கள். 203 நோயாளிகள் கொண்ட பெரிய சோதனையின் முடிவு அதற்குப் பிறகு 2002-இல்தான் வந்தது.

இன்னொரு உதாரணம் இன்னும் கூர்மையானது. உள்ளிழுக்கும் ட்ரெப்ரோஸ்டினில், நுரையீரல் இறுகும் நோயால் அழுத்தம் ஏறியவர்களுக்கு உதவியது. 326 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. அதே மருந்தை, அதே வழியில், நாள்பட்ட மூச்சடைப்பு நோயால் அழுத்தம் ஏறியவர்களிடம் சோதித்தபோது கடுமையான பாதிப்புகளும் இறப்புகளும் கூடின. கண்காணிப்புக் குழு சொன்னதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஒரு நோயாளியின் நுரையீரலுக்குச் சரிப்பட்டது அடுத்த நோயாளியின் நுரையீரலுக்கே சரிப்படாதபோது, இருபத்தைந்து வயது ஆரோக்கியமான இளைஞரின் நுரையீரலை வைத்து என் தங்கைக்கு எப்படித் தீர்ப்பு எழுதுவது?

இளைஞர் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. முதல் கட்டச் சோதனைகளில் பெரும்பாலும் ஆண்கள்தான் சேர்கிறார்கள். உங்கள் கோப்பில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மட்டும் பாருங்கள்.

கோப்பில் ஒரு அட்டவணை இருக்கும், பக்க விளைவுகள் அட்டவணை. உள்ளிழுக்கும் மருந்து என்றால் அதில் முதல் வரியே இருமலாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் ‘லேசானது’ என்று போட்டிருக்கும். ஆரோக்கியமானவருக்கு அது லேசானதுதான், ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போச்சு. என் தங்கை இருமுவதை நீங்கள் பார்க்க வேண்டும். தொடர்ந்து நாலு முறை இருமினால் உதடு கருநீலமாகிவிடும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்காருவாள். அந்த நேரம் யாரும் பேசக் கூடாது, பதில் சொல்ல அவளுக்கு மூச்சு மிச்சம் இருக்காது. இந்த நோயில் அதிகமாகச் சிரமப்பட்டால் மயக்கமே வரலாம். மருத்துவமனை நடைபாதையில் 30 மீட்டருக்கு இரண்டு கூம்புகளை வைத்து ஆறு நிமிடம் நடக்கச் சொல்வார்கள். விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டியிருக்கும். டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்து ‘இன்னும் ரெண்டு நிமிஷம்மா’ என்பார். அவள் நின்று சுவரில் கை ஊன்றுவாள், கடிகாரம் நிற்காது. புது மருந்தின் வெற்றி தோல்வியை இந்த நடைதான் பல சோதனைகளில் முடிவு செய்கிறது. பொடியை இழுத்ததும் வரும் இருமல் இந்த நடையில் எத்தனை மீட்டரைப் பிடுங்கும் என்று ஆரோக்கியமானவர்களின் அட்டவணை சொல்லாது.

இருமல் விஷயத்தில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2001-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமா பற்றிய ஆய்வுக்காக ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை உள்ளிழுக்கக் கொடுத்தார்கள். பல காலம் முன்பு உடம்பின் ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்துக் கைவிட்ட மருந்து அது. முதலில் இழுத்தவருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் வந்து சில நாளில் சரியானது. அதை நெறிமுறைக் குழுவிடம் சொல்லாமல் ஆய்வைத் தொடர்ந்தார்கள். இரண்டாவது ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது, 24 வயதுப் பெண். அதே நிறுவனத்தில் ஆய்வக ஊழியர். மறுநாள் இருமல் தொடங்கியது. நுரையீரல் செயலிழந்து, ஒரு மாதம்கூட ஆகாமல் ஜூன் 2-ஆம் தேதி இறந்துபோனார். இந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருந்தார்கள். ஆய்வாளர்கள் தேடிய கணினித் தரவுத்தளம் 1966-க்கு முன்னால் போகவில்லை. அடுத்த மாதம் அமெரிக்க அரசு அந்தப் பல்கலைக்கழகத்தில் தன் நிதியில் நடந்த மனித ஆய்வுகளை நிறுத்திவைத்தது.

ஆய்வாளர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆய்வுக்கும் ஒரு குழு சம்மதம் கொடுத்திருந்தது. உங்களைப் போன்றவர்கள் அங்கேயும் இருந்தார்கள். பழைய இதழ்களில் எந்த ஆண்டு வரை தேடினீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கலாம். அதைக் கேட்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

நம் விதிகளின்படி கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் உங்கள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். சாதாரண இருமல் அந்தக் கணக்கில் வராது. ஆனால் உள்ளிழுக்கும் மருந்தில் முதல் சில பேருக்கு வரும் எந்த இருமலும், மூச்சிறைப்பும், ஆக்சிஜன் இறக்கமும் அடுத்த ஆளுக்கு மருந்து கொடுக்கும் முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும். இதை ஒரு நிபந்தனையாகவே எழுதிக் கேளுங்கள். முதலில் ஒருவருக்குக் கொடுத்து, காத்திருந்து, பிறகுதான் அடுத்தவருக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 2006-இல் லண்டனில் ஆறு பேருக்குச் சில நிமிட இடைவெளியில் ஒரு புது மருந்தை ஊசியில் ஏற்றி ஆறு பேரும் உயிருக்குப் போராடியதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் அந்த வழக்கத்தை வலியுறுத்த ஆரம்பித்தார்கள். பால்டிமோரில் இறந்த அந்தப் பெண் அதே நிறுவனத்து ஊழியர் என்பதையும் மறக்காதீர்கள். வளாகத்து மாணவர்களும் ஊழியர்களும் தன்னார்வலர்களாக வந்தால், மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள்.

அடுத்தது, நம் பக்கத்து விஷயம். கேரளத்தில் ஐம்பது மருத்துவமனைகளில் சுமார் 2,000 நோயாளிகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நுரையீரல் அழுத்தம் ஏறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் இதயத்தின் இடது பக்க நோய். தமிழ்நாட்டில் நிலைமை பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன், வாத நோய்க் காய்ச்சலில் வால்வு கெட்டவர்கள் இங்கேயும் நிறைய. இப்படி இடது பக்கம் கெட்டவர்களுக்கு நுரையீரல் குழாயைத் திறந்துவிட்டால் ரத்தம் வெள்ளமாக வந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அழுத்தம் ஏறியது இதயத்தின் இடது பக்கத்தாலா, நுரையீரல் குழாய்களாலா என்று எக்கோ எனப்படும் இதய ஸ்கேனால் மட்டும் உறுதியாகப் பிரிக்க முடியாது. கழுத்து வழியாகவோ தொடை வழியாகவோ கதீட்டர் விட்டு அளந்தால்தான் தெரியும். எக்கோவை மட்டும் நம்பி நோயாளிகளைச் சேர்க்கும் திட்டம் வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். கதீட்டர் செலவையும் படுக்கைச் செலவையும் யார் ஏற்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் பற்றி ஒரே விண்ணப்பம்தான். இந்த மருந்தை இதுவரை எத்தனை ஆரோக்கியமானவர்கள் இழுத்திருக்கிறார்கள், எத்தனை நோயாளிகள் இழுத்திருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். நோயாளிகள் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதட்டும். என் தங்கை அதைப் படித்துவிட்டும் கையெழுத்துப் போடக்கூடும். அவள் அப்படிப்பட்டவள்தான். ஆனால் தெரிந்து போட வேண்டும்.

கடைசியாக, நிறுத்தும்போது என்ன ஆகும் என்பது. நைட்ரிக் ஆக்சைடைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறக்கூடும் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். மற்ற தளர்த்தும் மருந்துகளிலும் அந்தப் பயம் உண்டு. ஆய்வு முடியும் நாளில் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பிவிட முடியாது. படிப்படியாகக் குறைப்பது எப்படி, அதுவரை மருந்து யார் தருவார்கள், நிறுவனமே மூடப்பட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் திட்டத்திலேயே இருக்க வேண்டும். பலன் கிடைத்தவர்களுக்கு ஆய்வுக்குப் பிறகும் இலவசமாக மருந்து தர 2019 விதிகளின் 27-ஆம் விதி இடம் கொடுக்கிறது. அதற்கு ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும், உங்கள் குழு ஒப்புதல் தர வேண்டும். ஆய்வு தோற்றால் அந்த முடிவும் வெளியே வர வேண்டும். 2009 ஜூன் 15-லிருந்து இந்தியாவில் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவோடு நின்றுவிடாமல், முதல் கட்டத்து எண்கள் உட்பட முடிவுகளை இத்தனை மாதத்துக்குள் வெளியிடுவோம் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்க உங்களால் முடியும். அடுத்து வருகிற நிறுவனம் அதே பொடியை அதே தவறோடு இன்னொரு நூறு பேரிடம் கொடுக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

நோயாளிகளிடம் செய்யும் சிறிய சோதனைக்கு நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள் என்று கூட்டத்தில் யாராவது சொல்லலாம். கிடைப்பார்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் மருத்துவமனை வராந்தாக்களில் ஒருவருக்கொருவர் பழக்கம். 1980-களில் அமெரிக்காவில் எடுத்த பதிவேட்டின்படி, காரணம் தெரியாமல் இந்த நோய் வந்தவர்களில் பாதிப் பேர் கண்டுபிடித்த 2.8 ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். மருந்துகள் வந்த பிறகு அந்த நிலை மாறியிருக்கிறது. முன்னால் யாரோ சில நோயாளிகள் கதீட்டரோடு படுத்துக்கொண்டு இழுத்துப் பார்த்ததால்தான் மாறியது. நாங்களும் வருவோம். பத்துப் பேராகக் கூப்பிடுங்கள், அளந்து பாருங்கள், அளந்ததை எங்களிடம் சொல்லுங்கள், அப்புறம் அடுத்த பத்துப் பேரைக் கூப்பிடுங்கள்.

மேலே நான் கேட்டவற்றில் உங்களுக்குச் சரியென்று படுவதை அடுத்த கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டு, கேள்வியையும் பதிலையும் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா,
செங்கல்பட்டு